மாமு வுடல

‘தாமதத்துக்கு முக்கியக் காரணம்: மாமு.’

மேலாளரின் திரையில் ஏஐ எழுதிய இந்த வரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வரிகள் கண்ணில் பட்டன. ‘இந்த நபர் வண்டிகளைத் தொடர்ந்து தடுத்து நிறுத்துகிறார். தனிப்பட்ட ஆதாயம் எதிர்பார்க்கிறாரா என்று விசாரித்து, கேட் பொறுப்பிலிருந்து விலக்கலாம்.’

சிரிப்பு நின்றுபோனது.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகள் டிரெய்லரில் எங்களிடம் வரும். எந்த வண்டி எப்போது கிளம்பியது, வழியில் எங்கே நின்றது, எப்போது உள்ளே நுழைந்தது என்று வாரா வாரம் அறிக்கை தயாரிப்பேன். தாமதமாக வந்த வண்டிக்கு மட்டும் கடைசிக் கட்டத்தில் ஒரு காரணம் இருக்கும். டிரைவர் கேபினிலிருந்து கத்துவதை, கேட்டில் இருப்பவர் அப்படியே ஆங்கில எழுத்தில் தட்டிவிடுவார். அங்கேதான் ‘மாமு வுடல’ திரும்பத் திரும்ப வந்திருந்தது.

மாமு என்று எங்கள் யார்டில் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் சிக்கல். கேட் சூப்பர்வைசர், வியாசர்பாடிக்காரர், ஒப்பந்த ஊழியர். எல்லோரையும் மாமு என்று கூப்பிடுவதால் எல்லோரும் அவரை மாமு என்றோம். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த மேலாளரையே முதல் நாள் “வா மாமு சார்” என்று வரவேற்றவர். மேலாளர் அதை ரசிக்கவில்லை.

“பாருங்க, பேரோடயே சொல்லிடுச்சுங்க” என்றார் மேலாளர். “எனக்கு அன்னைக்கே தோணுச்சு. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வேற ஆள்.”

அனுப்பியாகிவிட்டது. ஆனால் பதறினால் எனக்கு யோசனை ஓடாது. எனவே முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன்.

“சார், இதுகிட்ட நீங்க என்ன கேட்டீங்க?”

திரையை மேலே தள்ளிக் காட்டினார். என் அறிக்கையை அப்படியே கொடுத்து, கீழே ஒரே வரி: ‘தாமதத்துக்கு யார் காரணம்? சுருக்கமாகச் சொல்.’

யார் என்று கேட்டால் அது ஓர் ஆளைத்தான் தேடும். மழையோ பஞ்சரோ பாலத்து நெரிசலோ அந்தக் கேள்விக்குப் பதிலாக முடியாது. தேடிப் போன இடத்தில் ஓர் ஆள் போல ஒரு சொல் கிடைத்திருக்கிறது.

“ஆனா இதுல எழுதியிருக்கே. மாமு வுடல. மாமு விடலைன்னுதானே அர்த்தம்?”

“அர்த்தம் அதேதான் சார். மாமுதான் வேற. டிராபிக் போலீஸ். காலையிலயும் சாயங்காலமும் கனரக வண்டியை ரோட்டுல விட மாட்டாங்க இல்ல, அதைத்தான் டிரைவருங்க சொல்றாங்க.”

“அப்ப போலீஸ்னு எழுத வேண்டியதுதானே?”

நான் வடசென்னை கல்மண்டபத்தில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது ‘மாமு வர்றான்’ என்று ஒரு குரல் கேட்டால் ஸ்டம்பு உட்பட எல்லாம் மறைந்துவிடும். போலீஸ் என்ற சொல்லைச் செய்தித்தாளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

“நீங்க அவருக்காகப் பேசறீங்க. இதுலயே காட்டுங்க பார்க்கலாம்” என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

உட்கார்ந்தேன். இது என்ன அறிக்கை, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது, காரணத்தை யார் சொல்லி யார் எழுதுகிறார்கள் என்று முதலில் எழுதினேன். பிறகு, மாமு என்றால் போக்குவரத்து போலீஸ் என்று எழுதினேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“பதிலை நீங்களே சொல்லிக் கொடுத்துட்டா அப்புறம் அது என்னத்தைக் கண்டுபிடிக்கும்?”

அன்றைக்கு எனக்கு விழுந்த இரண்டாவது அடி அது. அவர் சொன்னது சரி. நான் சொல்லிக் கொடுத்ததை அது எனக்கே திருப்பிச் சொல்லும். அவர் சந்தேகப்பட்டதை அவருக்குச் சொன்னது போல.

அந்த வரியை அழித்தேன். ‘மாமு என்ற சொல் போக்குவரத்து போலீசையும் குறிக்கலாம், கேட் ஊழியர் ஒருவரையும் குறிக்கலாம். எது என்று ஊகிக்காதே. வண்டி நின்ற இடத்தையும் நேரத்தையும், கேட் ஊழியரின் வருகைப் பதிவையும் ஒப்பிட்டுச் சொல். ஒவ்வொரு முடிவுக்கும் எந்த வரிசையிலிருந்து எடுத்தாய் என்று காட்டு. உறுதியாகத் தெரியாததைத் தனியே வை. யார் என்று சொல்லாதே. எங்கே, எப்போது என்று சொல்.’ வருகைப் பதிவையும் சேர்த்துக் கொடுத்தேன்.

பதில் வந்தது. ‘மாமு வுடல’ என்றிருந்த வண்டிகள் நின்றது எண்ணூர் சாலையில், காலை, மாலை நெரிசல் நேரத்தில். எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை. கேட் ஊழியர் விடுப்பில் இருந்த நாட்களிலும் அதே காரணம். வரிசை எண்களும் இருந்தன. மேலாளர் குனிந்து தானே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். தனியே வைத்ததில் ஒன்றே ஒன்று இருந்தது: ‘மாமு டீ வாங்கி குட்தாரு, தூங்கிட்டேன்’. அந்த வண்டி நின்றது எங்கள் கேட் வாசலில்.

“இது நம்ம ஆளு” என்றார் மேலாளர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். “நான் அனுப்பினது தப்புங்க. ஆளை மாத்த வேண்டாம்” என்று அவர் சொன்னதைக் காதால் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

வாசலுக்கு வந்த பிறகும் அந்த முதல் பதில் மனதை விட்டுப் போகவில்லை. முதல் பதிலுக்கும் இரண்டாம் பதிலுக்கும் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரு மனிதரின் வேலையைப் பறிக்கச் சொன்னபோதும் அதே நிதானம், அதே அழகான வாக்கியங்கள். தயக்கம் என்று ஒரு சொல்கூட இல்லை. நான் சிரித்தபடி கடந்துபோயிருந்தால்?

“இன்னா பாப்பா, பேயறஞ்ச மாரி கீற?” கேட் அறை ஜன்னலிலிருந்து மாமு கேட்டார்.

சொன்னேன். முதலில் கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது.

“அத்துல முக்காவாசி நான் டைப் பண்ணது பாப்பா. நான் டைப் பண்ணதே என்னிய தூக்கப் பாத்துச்சா?”

நான் வாய் திறப்பதற்குள் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. டிரைவர் கேபினிலிருந்து தலையை நீட்டி, “மாமு, மாமு வுடல மாமு!” என்று கத்தினார்.

மாமுவின் விரல்கள் கீபோர்டுக்கு மேலே அப்படியே நின்றன. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப இன்னா எழ்தறது?”

“அவர் சொன்னதையே எழுதுங்க. அதுகிட்ட கேள்வி கேக்கற இடத்துல நான் பார்த்துக்கறேன்.”

நம்பாமல்தான் தட்டினார். தட்டி முடித்து, ஒரு கணம் யோசித்து, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு இன்னும் இரண்டு சொல் சேர்த்தார். எட்டிப் பார்த்தேன்.

‘நான் இல்ல’.