பேர் சொல்ல ஒரு செடி

“இந்தாங்க, தண்ணி” என்று சொல்லிவிட்டுத்தான் பிரேமாவதி தொட்டியில் ஊற்றுவார். தொட்டி என்றால் பழைய பெயிண்ட் வாளி. அதில் ஒரு காட்டு இஞ்சி. இலையின் மேல்புறம் பச்சை, அடிப்புறம் வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவப்பு. குவளையின் கடைசிச் சொட்டுகளை விரலில் தொட்டு இலைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கூலிம் தொழிற்சாலைப் பேருந்து ஹாரன் அடித்துவிடும். செருப்பைக் கையில் பிடித்தபடிதான் பெரும்பாலும் ஓடுகிறார்.

புக்கிட் செலம்பா ஊரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. கூலிம் ஹைடெக் தொழில்பூங்காவில் கணினிச் சிப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. வேகமான கை, அதைவிட வேகமான வாய். ஆனால் அந்த வாயில் ஒரு சொல் மட்டும் வராது: கணவர் பெயர். ரப்பர்த் தோட்டத்து லய வீட்டில் அம்மா அப்படி வளர்த்தார். கிளினிக்கோ வங்கியோ, யார் கேட்டாலும் பையைத் துழாவிக் கணவரின் அடையாள அட்டையை நீட்டுவார். பக்கத்து இருக்கைக்காரி உமாராணி பேருந்தில் சீண்டுவாள். “ஏன்க்கா, பேரச் சொன்னா வாயி வெந்து போயிருமா?” பிரேமாவதியின் பதில்: “ஒன் புருசன் பேர நீ கத்துறது நாலு வீட்டுக்குக் கேக்குது. அவன் திரும்பிப் பாக்குறானா?”

பேருந்தே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஜெராய் மலை தெரியும் பக்கம் அது.

கணவர் தர்மலிங்கம் அந்த மலையில்தான் திரிந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பாலெடுத்தவர், தோட்டம் கைமாறியபின் செடி ஆராய வருகிறவர்களுக்கு வழி காட்டி, மூட்டை சுமந்தார். ஓர் ஓடையோரம் ஈரப் பாறைக்குக் கீழே இந்த இஞ்சியைக் கண்டு பேராசிரியரை நிறுத்தியவர் அவர்தான். “இத நான் பாத்ததில்ல லா” என்றாராம். பேராசிரியரும் பார்த்ததில்லை, உலகத்தில் யாரும் எழுதிவைத்ததில்லை. ஒரு கிழங்கை ஈரத்துணியில் சுற்றி மனைவிக்குக் கொண்டுவந்தார். கூடவே காய்ச்சலும் வந்தது. எலி மூத்திரம் கலந்த ஓடைத் தண்ணீர் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

பேராசிரியர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர். மூச்சுவிடக் குழாய் மாட்டிக் கிடந்த மனிதரைப் பார்த்துக் கண்கலங்கி, புதுச் செடிக்கு இவர் பெயரையே வைக்கிறேன் என்றார். முழுப் பெயர் என்ன? பிரேமாவதி வழக்கம்போல அட்டையை நீட்டினார். தர்மலிங்கம், மகன் என்பதற்கான எழுத்து, பிறகு இருளப்பன். நம் அட்டையில் கடைசியில் நிற்பது அப்பா பெயர். பேராசிரியர் ஊரில் கடைசியில் நிற்பதுதான் ஆளுக்கு அடையாளம். அவர் கடைசிச் சொல்லைக் குறித்துக்கொண்டார். தர்மலிங்கத்தை அடக்கம் செய்து சில மாதம் கழித்து, லத்தீன் வால் முளைத்து ‘இருளப்பனீ’ என்று அந்த இஞ்சி அச்சேறியது.

இருளப்பன் இன்னும் இருக்கிறார். பிரேமாவதி வீட்டிலேயே இருக்கிறார். மகன் பால்பல் விழும் வயதில் இன்னொருத்தியோடு பாலிங் ஊருக்குப் போனவர். அவளும் செத்துப்போன பிறகு, ஒரு பிளாஸ்டிக் பையோடு இந்த வாசலில் வந்து நின்றார். “அப்பன் லா, ரோட்டுலயா வுட முடியும்?” என்று உள்ளே அழைத்தவர் தர்மலிங்கம். இப்போது கிழவர் கோப்பிக்கடையில் காலாட்டிக்கொண்டு சொல்கிறார்: “வெள்ளக்காரன் என் பேருல செடி வச்சிருக்கான் தெரியுமா? சும்மாவா!” பிரேமாவதி சோற்றுத் தட்டை மேசையில் வைத்து, சுவரைப் பார்த்து “சோறு இருக்கு” என்பார்.

பிள்ளை இல்லாத வீடு. பேர் சொல்ல இதுவாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருந்தார். அதுவும் விட்டு ஓடியவருக்குப் போய்விட்டது. பெயரை மாற்றிக் கொடுங்கள் என்று பேராசிரியரிடம் கேட்டு அனுப்பினார். பதில் சொல்ல நேரிலேயே வந்தாள் அலிசியா, பேராசிரியரிடம் படித்த சுங்கைப்பட்டாணிப் பெண்.

“ஆண்ட்டி, அச்சுல ஏறிட்டா மாத்த முடியாது. ரூல்ஸ் அப்படி.”

“தப்பா இருந்தாலுமா?”

“தப்பான ஆள் பேரா இருந்தாலும்.”

அழுவார் என்று பயந்தோ என்னவோ, அலிசியா ஒரு கதை சொன்னாள். இருநூற்று எழுபது, எண்பது வருடத்துக்கு முன் சுவீடனில் தேர்ன்ஸ்ட்ரோம் என்று ஒரு பாதிரியார். செடிப்பைத்தியம். லின்னேயஸ் என்ற பெரிய வாத்தியாரின் மாணவர். சீனாவுக்குப் போய்த் தேயிலைச் செடியும், அரண்மனைக்கு உயிரோடு தங்கமீனும் கொண்டுவரச் சொல்லி வாத்தியார் அனுப்பினார். கப்பல் இந்தக் கடல் பக்கம் வந்தது. வியட்நாமுக்குக் கீழே ஒரு தீவில் காய்ச்சல் கண்டு மனிதர் செத்துப்போனார். சீனாவை எட்டவில்லை. பிற்பாடு ஒரு மர இனத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

“அந்த மரம் நம்ப நாட்டுக் காட்டுலயும் இருக்கு ஆண்ட்டி. அவர் பேரயும் எழுத்து மாத்தித்தான் வச்சாங்க.”

பிரேமாவதி மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “பொண்டாட்டி இருந்திச்சா?”

“இருந்தாங்க. பிள்ளைங்களும். ஒங்களாலதான் நான் தாலியறுத்தேன்னு அந்த வாத்தியார ஏசுனாங்களாம். அதுக்கப்புறம் அவரு கல்யாணம் ஆகாதவங்களத்தான் அனுப்புனாரு.”

“நல்லா கேட்டுச்சு.” கொஞ்சம் கழித்து, “அந்தம்மா பேரு என்னா?”

அலிசியா கைப்பேசியைத் தடவிப் பார்த்தாள். “தெரியல ஆண்ட்டி.”

அன்றிலிருந்து பேருந்தில் இந்தக் கதைதான். தேயிலையும் தீவும் பிரேமாவதி வாயில் நிற்பதில்லை. கதை துறைமுகத்தில்தான் தொடங்கும். “கப்பல் திரும்பி வந்திச்சு, ஆளு வரல. அந்தம்மா எப்புடி நின்னிருக்கும், சொல்லு?” உமாராணி இந்த இடத்தில் மட்டும் சீண்டுவதில்லை.

போன வாரம் ஒரு காலை பேருந்து பழுதாகி வரவில்லை. நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். கேட்டில் கை வைத்தபோது பேச்சுக்குரல். கிழவர் பால்டின்னில் தண்ணீரோடு வாளிக்கு முன் குந்தியிருந்தார்.

“தர்மா... டேய் தர்மா. தர்மலிங்கம். அப்பன் ஊத்துறேன்டா, குடி.”

காய்ச்சல் வந்த நாளுக்குப் பின் அந்த வீட்டில் அந்தப் பெயர் ஒலித்ததில்லை. சொல்லக்கூடியவர் ஒருவர்தான் அங்கே இருந்தார். கேட்டைத் தள்ளினால் கிறீச்சிடும். பிரேமாவதி தள்ளவில்லை. டின் காலியாகி, கிழவர் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போகும்வரை வெளியிலேயே நின்றார்.

மறுநாள் காலை “இந்தாங்க, தண்ணி” என்று பாதிக் குவளை ஊற்றினார். ஹாரன் அடித்தது. செடிக்கான மீதிப் பாதியை, கிழவரின் கைக்கு எட்டும்படி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினார்.