கதை டீச்சரின் குரல்

பாலர் வகுப்பின் முதல் நாளில் மற்ற டீச்சர்கள் சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, குச்சியால் தட்டி, "அ" என்று தொடங்குவார்கள். கதை டீச்சர் அந்த அட்டையைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகிவிடுவாள். பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்காரவைத்து, தானும் காலை மடக்கி உட்கார்ந்து, "ஒரு பூதத்துக்குத் தூக்கமே வரலையாம்" என்று ஆரம்பிப்பாள். அம்மா வேண்டுமென்று வாசலைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிற பிள்ளைகூட மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் அட்டையைத்தான் தட்டினாள். பிள்ளைகள் கிளி மாதிரி ஒப்பித்தார்கள். பெற்றோருக்குச் சந்தோஷம், பள்ளிக்கும் சந்தோஷம். ஒரு நாள் ஏதோ தோன்றி, அட்டையில் இருந்த படங்களைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு எழுத்துகளை மட்டும் காட்டினாள். வகுப்பே வாயடைத்துப் போனது. இத்தனை நாளும் ஆட்டைப் பார்த்து "ஆ" என்றார்களே தவிர, ஆவன்னாவை ஒருவரும் பார்க்கவே இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம், "நான் எழுத்துச் சொல்லிக் குடுக்கலைங்க. மிருகக்காட்சி சாலை நடத்தியிருக்கேன்" என்றாள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "டிக்கெட் போட்டிருந்தா நாலு காசாவது பாத்திருக்கலாம்" என்றார்.

அதன் பிறகுதான் கதைகள் வந்தன. எல்லாம் அவளே கட்டியவை. பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது தூக்கம் தொலைத்த பூதத்தின் கதை. அது வீடு வீடாகப் போகும். ராஜாவின் கதவைத் தட்டும், குதிரையின் லாயத்தைத் தட்டும், குரங்கு இருக்கும் மரத்தை உலுக்கும். போகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "என் தூக்கம் எங்கே?" அந்த ஒரு வரியை மட்டும் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருப்பாள். பூதம் கேட்கும்போதெல்லாம் அவளுடைய குரல் அடிவயிற்றிலிருந்து உருண்டு வரும். விரல் எழுத்துக்குக் கீழே நகரும். குரல் எந்தச் சொல்லில் இருக்கிறதோ விரலும் அந்தச் சொல்லில்தான் இருக்கும். இம்மி பிசகாது. அதுதான் அவளுடைய வித்தையெல்லாம். வாயில் வருகிற சத்தமும் பலகையில் இருக்கிற கோடும் ஒன்றுதான் என்பது பிள்ளையின் மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்பாள்.

பிறகு விளையாட்டு. "தூக்கம்" என்பதன் கடைசி எழுத்தைக் கையால் மறைப்பாள். "எங்கடா போச்சு?" பிள்ளைகள் உதட்டை இறுக மூடி "ம்ம்ம்" என்பார்கள். அதே எழுத்து பூதத்தின் கடைசியிலும் ஒட்டிக்கொண்டிருப்பதை யாராவது ஒரு வாண்டு கண்டுபிடிக்கும். அன்று வகுப்பு அமளிதுமளிப்படும். குதிரைக்கும் குரங்குக்கும் முன்னால் ஒரே "கு" நிற்பதை இன்னொரு வாண்டு கண்டுபிடிக்கும். பூதத்துக்குத் தூக்கம் எங்கே கிடைத்தது என்பதை மட்டும் அவள் சொல்லமாட்டாள். அதைப் பிள்ளைகள்தான் சொல்லவேண்டும். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, அவர்கள் கண்ணெதிரிலேயே பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவாள்.

அந்த வருடம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். மூலையிலேயே ஒண்டிக்கொண்டிருப்பதால் ஆயா அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தாள். வாயே திறக்கமாட்டாள். அவளுடைய அம்மா ஒரு சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்ப்பவள்; காலையில் கண் சிவக்க வந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள். டீச்சர் கதைக்கு முடிவு கேட்ட அன்று, எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, சுண்டெலி எழுந்து வந்து டீச்சரின் காதில் சொன்னாள்: "பூதத்தோட தூக்கம் எங்க அம்மாகிட்ட இருக்கு. அம்மா வேலைக்குப் போயிட்டா."

டீச்சர் அப்படியே எழுதினாள். எழுதியதை விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். சுண்டெலி தாளையும் டீச்சரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நான் சொன்னதா?"

"நீ சொன்னதேதான்."

"நாளைக்கும் இங்கயே இருக்குமா?"

"எங்க போகும்? இருக்கும்."

மறுநாள் வந்ததும் சுண்டெலி நேராக அந்தத் தாளிடம் போய், "அம்மா" என்ற சொல்லை, அது இருந்த இரண்டு இடத்திலும், விரலால் தொட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டீச்சர் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

தொண்டை கரகரத்தது அந்த வாரத்தில்தான். சளி என்று நினைத்தாள். பூதத்தின் குரல் இன்னும் தத்ரூபமாக வருகிறது என்று பிள்ளைகள் சிரித்ததால் அவளும் சிரித்தாள். "தொண்டைக்குள்ள தவளை குடியேறிடுச்சா?" என்று கணவர் கேட்டார். தவளை வாடகைக்கு வந்ததாகத் தெரியவில்லை. கரகரப்பு போகவில்லை. மருத்துவர் ஒரு குழாயை விட்டுப் பார்த்து, குரல்நாணில் கட்டி இருக்கிறது, பேச்சைக் குறைக்கவேண்டும் என்றார்.

"எவ்வளவு குறைக்கணும் டாக்டர்?"

"பேசவே கூடாது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் குறைக்கவில்லை. கதை பாதியில் நிற்கும்போது பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டி போயிற்று, அது இருந்த இடத்தில் வடு விழுந்தது. பேசாமல் கட்டுப்பாடாக இருந்து, மருத்துவர் சொன்ன நாளில் அவள் வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. ஓட்டை பலூனிலிருந்து வருவது போல. நாளாக நாளாகச் சரியாகும் என்று காத்திருந்தார்கள். சரியாகவில்லை. "இதுக்கு மேல வராதும்மா" என்று மருத்துவர் சொன்னபோது, அவள் கணவர் அவளைவிட மெதுவான குரலில், "சரிங்க" என்றார்.

வகுப்புக்குத் திரும்பினாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி ஒன்று வாங்கினார்கள். அது அவளுடைய காற்றையெல்லாம் இரைச்சலாக்கி அறை முழுவதும் இறைத்தது. முதல் வரியிலேயே இரண்டு பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். சுண்டெலி மறுபடி மூலைக்குப் போய்விட்டாள்.

பிறகு ஆயாவைக் கேட்டாள். ஆயா கதை சொல்லட்டும், தான் விரலை நகர்த்துகிறேன் என்று சைகையால் விளக்கினாள். ஆயாவுக்கு ஒரே குஷி. முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"பூதம் போயி ராஜா வீட்டுக் கதவ டமடமன்னு தட்டுச்சு. ராஜா என்ன பண்ணிட்டிருந்தான்? பல்லு வெளக்கிட்டிருந்தான்!"

பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். டீச்சரின் விரல் "என்" என்ற சொல்லுக்குக் கீழே காத்துக்கொண்டிருந்தது.

"அடேய், எவன்டா என் தூக்கத்தக் களவாண்டது, மரியாதையா குடுத்துரு!"

விரல் நகர்ந்து, தடுமாறி, நின்றது. ஆயா சொன்னது எதுவும் பலகையில் இல்லை. டீச்சர் பலகையைத் தட்டிக் காட்டினாள். ஆயாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன் டீச்சர்? எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஆயாவா இருக்கேன்?"

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கதை நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ரசித்தார்கள். ஒரு எழுத்துகூட ஏறவில்லை.

பள்ளியை நடத்திய பெரிய டீச்சர் கெட்டவள் அல்ல. யோசித்து யோசித்து, வகுப்புக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வரவழைத்தாள். அதில் கதைகள் ஓடும். அடியில் எழுத்தும் ஓடும். "உங்க கதை மாதிரியே இருக்கு பாருங்க. நீங்க போட்டு நிறுத்தினா போதும்" என்றாள். பெட்டி வழவழவென்று பேசியது. எழுத்துகள் பளபளவென்று கடந்து போயின. பாதிக் கதையில் சுண்டெலி பெட்டியின் அருகே போய், "அந்த நரிக்கு வீடு இல்லையா?" என்று கேட்டாள். பெட்டி மேலே பேசிக்கொண்டே போயிற்று. அவள் கொஞ்ச நேரம் பதிலுக்காக நின்றாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு சின்ன டீச்சர் வந்தாள். நல்ல கணீர் குரல். கதை டீச்சர் தன் முறையை எழுதியும் சைகை காட்டியும் விளக்கப் பார்த்தாள். சின்ன டீச்சர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "வருஷக் கடைசிக்குள்ள எல்லா எழுத்தும் முடிக்கணும்னு சொல்லியிருக்காங்க டீச்சர். எனக்கு இது புது வேலை" என்றாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து அட்டை வெளியே வந்தது. தூசி தட்டி மாட்டினார்கள். பிள்ளைகள் கணீரென்று ஒப்பித்தார்கள். கதை டீச்சர் பின்வரிசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தாள்.

வருடக் கடைசியில், இந்தப் பிள்ளைக்கு எழுத்தே வரவில்லை, அடுத்த வகுப்புக்கு அனுப்ப முடியாது என்று சுண்டெலியின் அம்மாவிடம் சொன்னார்கள். அவள் அறையை விட்டு வெளியே வந்து, தாழ்வாரத்தில் கதை டீச்சரைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. மக்குப் புள்ளையா இவ? ஒரு நாள் வீட்டுக்கு வந்து, நான் சொன்னத டீச்சர் எழுதிட்டாங்கன்னு சொல்லிக் குதிச்சாளே. அப்புறம் என்னாச்சு?"

பள்ளி விடும் நேரம். மணி, வண்டிகளின் ஹாரன், பிள்ளைகளின் கூச்சல். டீச்சர் பேசினாள். காற்று வந்தது. அந்த அம்மா காதைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒன்றும் விளங்காமலேயே தலையை ஆட்டினாள். டீச்சர் அவசரமாகப் பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்: "இவள் மக்கு இல்லை. இவளுக்குப் படிப்பு வரும். கதை சொல்லிக்கொண்டே எழுத்தைக் காட்ட ஒரு ஆள் வேண்டும்."

அந்த அம்மா தாளை வாங்கினாள். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

"சரிங்க டீச்சர். யார்கிட்டயாவது காட்டிக் கேக்கறேன்."

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. தாயும் மகளும் வாசலைக் கடந்து போகும்வரை பேனாவை மூடாமல் நின்றிருந்தாள். அந்தப் பிள்ளை பிறகு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்றும், அம்மாவோடு சலவைக்கூடத்துக்குப் போய் துணி மூட்டைமேல் தூங்குகிறாள் என்றும் ஆயா பின்னொரு நாள் வந்து சொன்னாள்.

கதை டீச்சர் வேலையை விட்டுவிட்டாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. வீட்டிலும் பெரிய பேச்சில்லை. என்ஜின் சத்தத்தில் கணவரின் காது மந்தமாகியிருந்தது. அவளுடைய காற்று அவருக்குக் கேட்காது. "நமக்குள்ள இனிமே சண்டையே வராதும்மா" என்று அவர் ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். கடைத்தெருவில் அவள் மெதுவாகப் பேசினால் கடைக்காரர்களும் காரணம் தெரியாமலே குரலைத் தாழ்த்திப் பதில் சொல்வார்கள், ஏதோ ரகசியம் போல.

இப்போது ஒரு துணி ஏற்றுமதிக் கிடங்கில் சட்டைகளை மடித்து உறையில் போடுகிறாள். நீளமான மேஜை, வெள்ளை விளக்கு, இருபக்கமும் பெண்கள். மற்றவர்கள் கை வேலை செய்யும், வாய் ஊர்க்கதை பேசும். அவள் குனிந்த தலை நிமிராமல் மடிப்பாள். மேற்பார்வையாளருக்கு அவள்மேல் நல்ல அபிப்பிராயம். புதிதாகச் சேர்ந்த பெண்களை அழைத்துவந்து அவளைக் காட்டுவார்.

"இந்த அக்காவப் பாத்துக் கத்துக்கங்க. வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசினதில்ல."

அவள் ஒரு சட்டையை எடுத்து, காலரை நீவி, கைகளைப் பின்னால் மடித்தாள்.