தொட்டில்காரரின் நேர்கோடு

கண்ணாடிக் கடை வேன் ஓட்டுநரை எல்லோரும் தொட்டில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போவார். ஒன்றின் உறக்கம்கூடக் கலையாது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. நாற்காலியிலிருந்து எழுவதையே மூன்று தவணையாகச் செய்கிற மனுஷர். அவரோடு கடைக்குப் போனால் காய்கறி வீடு வந்து சேர்வதற்குள் வாடிவிடும் என்று மனைவி வாய்விட்டே சொல்வாள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் வந்தது வினை. முதலாளி வேன்களில் ஒரு கருவியைப் பொருத்தினார். வண்டி எந்த நேரத்தில் என்ன வேகத்தில் போனது என்று அது காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும். அடியில் குறுக்காக நேரம், ஓரத்தில் மேல்நோக்கி வேகம். மற்ற ஓட்டுநர்களின் கோடு சீப்புப் பல் மாதிரி ஏறி இறங்கியது. நம்மாளுடையது மெல்ல ஏறி, நாற்பதில் அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் போய், மெல்ல இறங்கியது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். முதலாளிக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"கோடு அசையவே இல்ல. அரைமணி நேரம் வண்டிய ஓரங்கட்டிட்டுத் தூங்கியிருக்கீங்க. நாளையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறேன்."

இந்த வயதில் தொட்டில்காரருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஆனாலும் நிதானம் தவறவில்லை.

"முதலாளி, கோடு நாப்பதுலதானே இருக்கு. வண்டி நின்னிருந்தா அது தரையில படுத்துக் கிடக்கும். நான் தூங்கினேன்னா, கண்ணாடி இருபது கிலோமீட்டர் தானா நடந்தா போச்சு?"

முதலாளி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். மணிக்கு நாற்பது என்றால் அரைமணிக்கு இருபது. கண்ணாடி போன இடமும் இருபது கிலோமீட்டர் தள்ளித்தான். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"அப்ப கோடு கீழ படுத்திருந்தாதான் வண்டி நிக்குதா?"

"ஆமாங்க" என்றார் பெருமையாக. சொன்ன வாய் மூடுவதற்குள் முதலாளியின் விரல் காகிதத்தில் ஊர்ந்துபோய் ஓரிடத்தில் நின்றது.

"காலையில ஒன்பதே கால். பதினஞ்சு நிமிஷம் தரையோட தரையா கிடக்கு. நேத்தும் இருக்கு, முந்தாநாளும் இருக்கு. இது என்ன?"

சொன்னால் கொடுத்த வாக்குப் போகும்; சொல்லாவிட்டால் வேலை போகும். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டோமே என்று நொந்துபோனார்.

"அது உங்க வீட்டு வாசலுங்க" என்றார் கடைசியில். "தண்ணி கேனை மாடிக்குத் தூக்கி வைக்க உங்க வீட்டம்மா கூப்பிடுவாங்க. 'அவருக்கு இடுப்பு வலி, குனியவே முடியல, பாவம். உங்கள கூப்பிட்டது தெரிஞ்சா வருத்தப்படுவார், சொல்லிடாதீங்க'ன்னாங்க."

முதலாளியின் இடுப்பு வலி வீட்டோடு சரி. அன்று காலைகூட ஆறடிக் கண்ணாடியைத் தனி ஆளாக வேனில் ஏற்றியவர் அவர். மறுமுனையைப் பிடிக்க ஓடி வந்த தொட்டில்காரரை, தள்ளி நிற்கச் சொன்னவரும் அவரே.

முதலாளி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அங்க நிறுத்த வேணாம். கேனை நானே தூக்கிக்கறேன். இடுப்பு விஷயமா வீட்டுல எதுவும் பேசிக்க வேணாம், என்ன?"

"சரிங்க."

மறுநாள் ஒன்பதே காலுக்கு அந்தக் கோடு தரையைத் தொடவில்லை. முதலாளிதான் கடைக்கு நேரம் கழித்து வந்து, நிஜமாகவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூன்று தவணையில் நாற்காலியில் உட்கார்ந்தார்.