சுகன்யாவின் தலையணை

போன சனிக்கிழமை இட்லி மாவு கொடுக்க, காப்பெல் ஊரில் இருக்கும் என் சிநேகிதி சுகன்யா வீட்டுக்குப் போனேன். அவளுடைய மகள் தியா என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் ரூமைக் காட்டினாள். கட்டிலில் இரண்டு தலையணை.

"ஆன்ட்டி, அம்மா ஸ்லீப்ஸ் வித் மீ நௌ! எவ்ரி நைட்!"

குழந்தைக்கு ஒரே சந்தோஷம். சுகன்யா முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

கிச்சனுக்கு வந்ததும் கேட்டேன், "ரமேஷோட சண்டையா?"

"சண்டைன்னா சமாதானம் ஆயிடலாமேக்கா. இது பயம்."

தியா பிறந்தபோது சுகன்யாவுக்கு பிளட் பிரஷர் ஏறி, ஃபிட்ஸ் வந்து, பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கருத்தடை ஊசி. செலவை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொண்டது.

பிறகு அவள் கணவர் ரமேஷுக்கு லேஆஃப், வேலை போய்விட்டது. வேலை இல்லாவிட்டால் விசா கழுத்தைப் பிடிக்கிறதே — கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்டார். சின்ன கம்பெனி. முதலாளி பக்திமான். கருத்தடை தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று கம்பெனி இன்ஷூரன்ஸிலிருந்தே அதை எடுத்துவிட்டாராம். அமெரிக்கச் சட்டமும் இடம் கொடுக்கிறதாம்! அவர் நம்பிக்கை அவருக்கு, சரி. ஆனால் ஃபிட்ஸ் வருவது யாருக்கு?

"வேற வழியே இல்லையாடி?"

"மத்ததை நம்பினப்பதான்கா தியாவே பொறந்தா."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கைக்காசு போடலாம்தான். லேஆஃபில் சேமிப்பெல்லாம் கரைந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் நாம் என்ன செய்வோம்? பல்லா, கண்ணாடியா, ஃபுல் செக்கப்பா — 'இந்தியா போறப்ப பாத்துக்கலாம்!' சுகன்யாவும் சென்னையில் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனே பண்ணிக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஆனால் போனால் விசா ஸ்டாம்பிங் கிடைக்குமோ, திரும்ப உள்ளே விடுவார்களோ... டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிட்டார்கள்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? கிரகப்பிரவேசத்துக்காக 'நாள்' தள்ளிப்போட மாத்திரை வேண்டுமென்றால், ஊரிலிருந்து பருப்புப்பொடியோடு சூட்கேஸில் வந்துவிடும். மாமியாரே வாங்கி அனுப்புவார். பூஜைக்காக என்றால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பெண்ணின் உயிருக்காக என்றால் மட்டும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு நம்பிக்கை குறுக்கே வந்துவிடுகிறது. கோபமாக வருகிறது எனக்கு.

பேசிக்கொண்டிருக்கும்போதே சென்னையிலிருந்து மாமியாரின் வீடியோ கால்.

"ஏம்மா சுகன்யா, தியாவுக்கு ஒரு தம்பி வேணாமா?"

"பாக்கலாம் அத்தை."

போனை வைத்துவிட்டு, சுத்தமாக இருந்த மேடையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். காலி மாவுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வீட்டுப் படுக்கையறையில் முதலாளிக்கு இடமிருக்கிறது, மாமியாருக்கு இடமிருக்கிறது... சுகன்யாவுக்குத்தான் இல்லை.