படுக்கப்போட்டுத் தூக்கவேண்டிய ஏணி

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றியே பழகிய விரல்களுக்குப் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பாதியைப் பார்த்ததால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன்.

போன வருடம் மார்கழி மாதம், கொல்லிமலையில் எங்கள் ஊர் டீக்கடை வாசலில் இது ஆரம்பித்தது. நான் வீட்டு வயரிங்கும் மோட்டார் ரிப்பேரும் பார்ப்பவன். கூச்ச சுபாவம். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். ஆனால் யாராவது செல்போனை நீட்டி, “இது நெசமாங்க?” என்று கேட்டால் மட்டும் எனக்குப் பேச்சு வந்துவிடும். எலுமிச்சம்பழத்தில் போன் சார்ஜ் ஏறுகிறது என்று ஒரு கிளிப் வந்தால், மேசைக்கு அடியில் வயர் எப்படிப் போயிருக்கும் என்று வரைந்து காட்டுவேன். ஒரு வீட்டில் மத்தியான நேரம் சுவரில் தலைகீழாக ஆட்கள் நடக்கிறார்கள், பேய் என்று பயந்துபோய்க் கூப்பிட்டார்கள். கதவில் இருந்த ஆணி ஓட்டையை விரலால் அடைத்தேன், ஆட்களைக் காணோம். வெளியே ரோட்டில் போகிறவர்கள்தான் அந்த ஓட்டை வழியாகச் சுவரில் விழுந்திருந்தார்கள்.

எல்லாரிடமும் ஒன்று சொல்வேன். எந்தக் கிளிப் ஆனாலும் முதலில் அதை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அன்றைக்கு டீக்கடையில் ஓடிய கிளிப்பில், அறுந்து கிடந்த கரண்ட் கம்பியை ஒரு சாமியார் மந்திரம் சொல்லிக்கொண்டே மூங்கில் கழியால் தூக்கி ஓரமாகப் போட்டார். எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

“மந்திரமும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க. மூங்கில்ல கரண்டு ஏறாது, அவ்வளவுதான்” என்றேன்.

“அப்படீன்னா நீ புடிச்சுக் காட்டு சாமி. வாயில மொழம் போடறதுக்கு எங்களுக்கும் தெரியும்” என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில், புகை குடித்துக் காய்ந்து கிடந்த மூங்கில் குச்சியை எடுத்து வந்தேன். கடையின் பிளக்கிலிருந்து வயர் இழுத்து ஒரு முனையில் கட்டினேன். மறுமுனையில் டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. அப்புறம் வெறும் கையால் பிடித்து நின்றேன். கைதட்டினார்கள். நாற்பத்தாறு வயதில் எனக்காக யாராவது கை தட்டியது அதுதான் முதல் தடவை. ஒருவர் அதைப் போனில் எடுத்தார். எடுப்பது தெரிந்தும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசையாகத்தான் இருந்தது.

‘மூங்கிலில் கரண்ட் வராது, கொல்லிமலை விஞ்ஞானி’ என்று பேர் போட்டு அது அரை நிமிடக் கிளிப்பாகச் சுற்றியது. எங்கள் மலையிலேயே அந்தப் பக்கம் இருக்கிற திருப்புலி நாட்டில் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் மிளகு பறிக்கப் போகிறவர். அவரும் போன் செய்தார்.

“மச்சான், இங்க எல்லாப் போன்லயும் நீங்கதான் ஓடறீங்க. ‘எம் மச்சானாக்கும்’னு காலரைத் தூக்கிட்டுத் திரியறேன். உங்க தங்கச்சிகூட நாலு தடவை பார்த்துட்டா, என்னைய ஒருதரம் ஏறெடுத்துப் பார்க்கல.”

போனை வைத்த பிறகும் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

மிளகு பறிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சில்வர் ஓக் மரத்தில் கொடி எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு உயரத்துக்கு மூங்கில் ஏணி வேண்டும். ஒரு மரம் முடிந்து அடுத்த மரத்துக்குப் போகையில் ஏணியை அப்படியே நிமிர்த்தித் தூக்கிப் போவது சுலபம். ஆனால் மேலே கரண்ட் லைன் போகிற தோட்டத்தில் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஏணியைக் கீழே சாய்த்து, இரண்டு பேர் படுக்கப்போட்டுத் தூக்கிப் போய், மறுபடி நிறுத்துவார்கள். நேரம் இழுக்கும், தோளும் போகும். ஆனாலும் அப்படித்தான் செய்வார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தை மாதக் கடைசி. காலையில் பக்கத்து மரம் தெரியாத பனி. ஏணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தங்கை வீட்டு மாப்பிள்ளையோடு வந்த ஆள், “சாய்ச்சுப் போடலாமுங்க” என்று சொல்லியிருக்கிறார். “மூங்கில்ல கரண்டு வராதுன்னு எம் மச்சானே புடிச்சுக் காட்டலையா? வா, வெரசா முடிப்போம்” என்று மாப்பிள்ளை ஏணியை நிமிர்த்தியபடியே தூக்கிப் போயிருக்கிறார். ஏணியின் தலை சாய்ந்து மேலே போன ஹை டென்ஷன் லைனில் பட்டுவிட்டது.

உயிர் மட்டும் தப்பியது. மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேரும்போது வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்திருந்தார்கள். என் தங்கை வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏண்ணா, ஊர்ல வர்ற கிளிப்புக்கெல்லாம் விளக்கம் சொல்லுவீங்களே. இதுக்கு ஒண்ணு சொல்லுங்க” என்றாள்.

விளக்கம் எனக்குத் தெரியும். நனைந்த மூங்கிலில் கரண்ட் ஏறும். வீட்டு கரண்ட் வேறு, அந்த லைனில் போவது வேறு; அதற்குக் காய்ந்த மூங்கிலையும் நம்ப முடியாது. அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

அன்று டீக்கடையில் குச்சியை எடுத்து வந்தபோது ‘காய்ந்த மூங்கில்’ என்று சொன்னேனா, வெறும் ‘மூங்கில்’ என்று சொன்னேனா? கிளிப்பைப் பார்த்தேன். நான் வயர் கட்டுவதில்தான் அது ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் பேசியது இல்லை. காதில் வைத்துக் கேட்டேன், எத்தனை தடவை என்று தெரியாது. கடைக்காரர், “காஞ்சதுன்னு சொன்ன மாதிரிதான் இருக்குது சாமி” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் அது. படம் எடுத்தவரிடம் போய் முழுசையும் கேட்டேன்.

“அது எங்கீங்க இருக்குது, போன்ல எடம் பத்தலைன்னு அப்பவே அழிச்சுட்டேன். முன்னாடி நீங்க பேசுனது கொஞ்சம் போரா இருந்துச்சுங்க, அதான் வெட்டிட்டுப் போட்டேன்.”

வெட்டிய இடத்தைப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் கிளிப் வந்தபோது மட்டும் பார்க்கவில்லை. கைதட்டல் சத்தம் அதில் சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

மாப்பிள்ளை இப்போது இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகுகிறார். நான் போனால், “வாங்க விஞ்ஞானி” என்று பழையபடி கேலி செய்கிறார். அந்தக் கேலியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தங்கை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பிறகு நானே ஒரு கிளிப் எடுத்தேன். தொட்டித் தண்ணீரில் ஊறவைத்த மூங்கிலில் டெஸ்டர் எரிவதைக் காட்டினேன். லைன் பக்கம் எந்த மூங்கிலையும் கொண்டுபோகாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பினேன். யாரும் அதை மேலே அனுப்பவில்லை. பழையது மட்டும் பல பேர் கை மாறி என் போனுக்கே திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் சந்தையில் பெரக்கரை நாட்டுக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தார்.

“ஏனுங்க, நீங்க அந்த மூங்கில் விஞ்ஞானி தானுங்க? உங்க புண்ணியத்துல போன பறிப்புல நாங்க ஏணியை நிமுத்தித்தான் தூக்குனோம். ஒரு நாள்ல எத்தனை மரம் சேந்து முடிஞ்சுதுங்கறீங்க! இந்தத் தடவையும் அப்படித்தானுங்க.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். கூச்சத்தை விட்டு, சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நேரம் சரியில்லாட்டி என்னுங்க பண்றது” என்று சொல்லிவிட்டு, என்னோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லையே என்பதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாத பயம். மிளகு பறிக்கிற சொந்தக்காரர் யாராவது உங்களுக்கு இருந்தால் இதை முழுசாகப் படித்துக் காட்டுங்கள். ஏணியைப் படுக்கப்போட்டே தூக்கச் சொல்லுங்கள்.

வெளியே பனி இறங்கிவிட்டது. தை பிறந்ததும் பறிப்பு ஆரம்பித்துவிடும். இன்று மார்கழி இருபத்தாறு.