தந்தத்தில் அழிந்த கண்

லா சப்பல் என்ற தமிழ்க் கடைத்தெருவில் ஒரு நகைக்கடையின் பட்டறையில் வேலை செய்கிறேன். தாலிக்கொடிக்குக் கொளுவி போடுவது, காப்பின் நெளிவெடுப்பது எல்லாம் என் பொறுப்பு. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் அமெரிக்கப் பெண்மணி ஒரு பொன் பதக்கத்தைக் கொண்டுவந்து, அதன் மூடியின் பிணைச்சலை மட்டும் சரிசெய்யச் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

பதக்கத்துக்குள், கண்ணாடியின் கீழே, கட்டைவிரல் அளவில் ஒரு இளம்பெண்ணின் முகம். அமெரிக்கா புதிதாக நாடான காலத்தில், ஊர் ஊராகப் போய் முகம் வரைகிற ஒருவர் யானைத் தந்தத் தகட்டில் வரைந்ததாம். அவள் இவருடைய மூதாதை. முதற் பிள்ளைப்பேற்றிலேயே இறந்துபோனாளாம். வேறு படம் இல்லை. இவ்வளவையும் அவர் தடுமாறும் பிரெஞ்சில் சொல்ல, அதைவிடத் தடுமாறும் பிரெஞ்சில் நான் கேட்டேன். ‘அக்குவாரெல்’ என்றும் ஒரு சொல் சொன்னார். விளங்கவில்லை. என்னவென்று நான் கேட்கவுமில்லை.

பிணைச்சலைக் கழற்றியபோது கண்ணாடி தனியே வந்தது. படத்தில், இடது கண்ணோரம் ஒரு சிறு அழுக்கு. நகை துடைக்கிற பழக்கத்தில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒருமுறை தடவினேன். அழுக்கோடு கண்ணும் வந்துவிட்டது. அந்த இடத்தில் வெறும் தந்தம் தெரிந்தது.

பொன் என்றால் ஒட்டலாம், உருக்கலாம். இதை என்ன செய்வது? குச்சியைப் பிடித்தபடி இருந்தேன்.

என்னைவிட இளையவரான முதலாளி வந்து பார்த்தார்.

“ஆரண்ணை உங்களை அதைத் தொடச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, அது தண்ணீரில் கரைகிற சாயம், அதுதான் ‘அக்குவாரெல்’ என்றார். பழைய ஓவியங்களைத் திருத்துகிற ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். புதுக் கண் வரையலாம், ஆனால் அது தன் கையால் வரைந்ததாகத்தான் இருக்கும், பழைய கண் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை அந்தப் பெண்மணி வந்தார். முதலில் பிணைச்சலைத் திறந்து மூடிக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேனோ தெரியாது. பிறகுதான் நடந்ததையும், புதுக் கண் வரையலாம் என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்தது, மெட்ரோவில் ஒருவர் காலை மிதித்தால் சொல்கிற சொல் ஒன்றுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“துடைத்த பஞ்சு இருக்கிறதா?” என்று கேட்டார்.

எறிய மனமில்லாமல் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். நுனியில் கொஞ்சம் பழுப்பு. கடதாசியில் சுற்றிப் பதக்கத்தோடு கைப்பைக்குள் வைத்தார். புதுக் கண் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

இப்போதும் மரக்கறி வாங்க இந்தப் பக்கம் வருவார். கடைக்கு வெளியே நின்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட ஒருநாளும் வாய் வந்ததில்லை.