கொழும்புப் பாங்கு

என் மாமிக்குப் போன வருட நோன்பு முழுவதும் தவறிப் போயிருந்தது. ஒப்பரேஷன் செய்த உடம்பு. இந்த வருடமும் டொக்டர் தயங்கித்தான் சம்மதித்தார். ஸஹர் என்னும் விடியற்கால உணவின் கடைசி நேரத்தில் குளிசையைப் போட்டுத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். "இந்த முற ஒரு நோம்பும் உட மாட்டன்" என்று மாமி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர், மாமியின் மகன், கட்டாரில். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதால் எனக்கு நோன்பு இல்லை. மாமியின் நோன்பைத்தான் என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன்.

விடியற்காலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டால் பிறகு ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது; அந்த நேரத்தைச் சொல்ல எங்கள் கிழக்குக் கரைப் பகுதி வானொலி இருந்தது. அதிகாலையில் ஓர் அறிவிப்பாளர் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்வார்: "இன்னும் பத்து நிமிசம் இரிக்கி, குளிசை போடுறாக்கள் போடுங்க." மாமி வானொலியைப் பார்த்து "ஓம் தங்கச்சி" என்பார்.

நோன்பின் நடுவில் அந்த நிலையம் மாறியது. "நாளை முதல் நாடு முழுவதும் ஒரே குரல்" என்று இரண்டு நாட்களாகவே அறிவித்தார்கள். பாட்டு கூடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் ஸஹருக்குப் புதிய குரல் ஒன்று பேசியது. குழந்தைக்கு இருமல், ஜன்னல்களை அடைத்திருந்தேன். கடல் இரைச்சலுக்குள் எங்கோ பாங்கு போல ஒன்று கேட்டது. மாமி தண்ணீர்க் கோப்பையை வாயருகே நிறுத்தினார்.

"பாங்கு கேக்குதா புள்ள?"

"இல்ல மாமி, ரேடியோல இன்னும் சொல்லல்ல. குடிங்க."

குடித்தார். குளிசையையும் போட்டார். பல நிமிடங்கள் கழித்துத்தான் வானொலியில் பாங்கு ஒலித்தது.

அன்று மாலை மாமி பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வானொலி முன் இருந்தார். வேலிக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"என்னகா, மாமியப் பட்டினி போட்டுக் கொல்லப் போறியா? பாங்கு சொல்லி எவ்வளவு நேரம்!"

மாமி சிரித்துக்கொண்டே நோன்பு திறந்தார். நான் கணக்குப் பார்த்தேன். உயர்தர வகுப்பில் புவியியல் படித்தவள் நான். சூரியன் முதலில் எங்கள் கடலில் எழும்புகிறது. கொழும்பில் விடிய இன்னும் ஏழெட்டு நிமிடம் வேண்டும். வானொலி சொன்னது கொழும்புப் பாங்கு. மாலையில் பிந்தியது பரவாயில்லை. காலையில்?

நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பழைய அறிவிப்பாளர்தான் பேசினார். "இப்ப எல்லாம் கொழும்புலருந்துதான் தங்கச்சி வருது. ஊருக்கு ஊர் நேரஞ் சொன்னா விளம்பரகாரருக்குச் சரிவராதாம். என்னையும் இந்த மாசத்தோட நிக்கச் சொல்லிட்டாங்க." அவரிடம் கோபப்படத்தான் எடுத்தேன். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பள்ளிவாசல் மௌலவி சொன்னார்: "தெரியாமச் செஞ்சது, குற்றமில்ல மகள். ஆனா அந்த நோம்பக் கழாச் செய்யணும், பெருநாளைக்குப் பொறகு ஒரு நாள் புடிக்கணும்."

தெரியாமலா செய்தேன்? பாங்கு கேட்டதே.

அன்றே மாமியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுச் சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். மாமி ஒவ்வொரு மாலையும் விரல் மடக்கி எண்ணிக்கை சொல்வார். "பதினெட்டு" என்றார். பதினேழு என்று எனக்குள் திருத்திக்கொண்டேன். "பத்தொன்பது" என்றபோது தாங்க முடியவில்லை. முழுவதையும் சொல்லிவிட்டேன்.

மாமி மடக்கிய விரல்களைப் பார்த்தார். பிறகு, "அப்ப அண்டைக்கி நான் கொழும்புலயா நோம்பு புடிச்ச?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"நீ பாங்கக் கேட்டியா இல்லியா?"

"கேட்டன் மாமி."

"நானுந்தான் கேட்டன். படிச்ச புள்ள சொல்றா எண்டு குடிச்சன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விரல்களை விரித்து, ஒன்றைக் குறைத்து மீண்டும் மடக்கினார்.

பெருநாள் முடிந்து அடுத்த வாரம் மாமி அந்த ஒரு நோன்பைப் பிடித்தார். ஸஹருக்கு எழும்பியதும் பழக்கத்தில் என் கை வானொலிக்குப் போனது.

"அத உடு. ஜன்னலத் திற."

"புள்ளைக்கு இருமல் மாமி."

"நல்லாப் போத்திட்டுத் திற."

திறந்தேன். குளிர்காற்று வந்தது, குழந்தை ஒருமுறை இருமிவிட்டுத் திரும்பிப் படுத்தது. மாமி குளிசையைப் போட்டுத் தண்ணீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். என்னிடம் நேரம் கேட்கவில்லை. இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி பாங்குக்காகக் காத்திருந்தோம்.